உதிர்வது வேறு, ஒடிவது வேறு

கேள்வி: டாக்டர், எனக்கு 47 வயது. கும்பகோணத்தில் பள்ளி ஆசிரியையாக இருக்கிறேன். 35 வயதிலேயே நரைக்கத் தொடங்கிவிட்டது. முதலில் பார்லரில் டை அடித்துக்கொண்டேன். பிறகு கடையில் கிடைக்கும் 'கறுப்பு மருதாணி' பாக்கெட்டை வாங்கி, 15 நாளுக்கு ஒரு முறை நானே தலை முழுவதும் போட்டுக்கொள்கிறேன். ஆடியில் டெங்கு வந்து 6 நாள் படுத்தேன். ஐப்பசி பிறந்ததிலிருந்து சீப்பை வைத்தாலே கொத்தாக வருகிறது. நுனியெல்லாம் துடைப்பம் மாதிரி ஒடிகிறது. ஒரு வருடமாக டை போட்ட அன்று நெற்றியோரமும் காதுக்குப் பின்னாலும் அரிக்கிறது. நெற்றி இரண்டு பக்கமும் கறுத்துவிட்டது. டையை விட்டால் முடி தானாக வளரும் என்கிறார் மாமியார். அமோனியா இல்லாத கலரும் கெரட்டின் சிகிச்சையும் செய்யலாம் என்கிறார்கள் பார்லரில். மருந்துக் கடையில் பயோட்டின் என்ற வைட்டமின் மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிடுகிறேன். தையில் மகளுக்குக் கல்யாணம். வெள்ளைத் தலையோடு மேடையில் நிற்க மனசு வரவில்லை. முடியும் போகாமல், நரையும் தெரியாமல் இருக்க வழி உண்டா?

பதில்: வழி உண்டு. ஆனால் நான்கு தொல்லைகளை ஒரே மூட்டையாகக் கட்டி டையின் தலையில் வைத்துவிட்டீர்கள். அதைப் பிரித்துப் பார்த்தால்தான் எதை நிறுத்த வேண்டும், எதைத் தொடரலாம் என்பது தெரியும்.

முதலில் ஒரு சின்ன வேலை. நாளைக் காலை தலை வாரும்போது ஒரு வெள்ளைத் துண்டை மடியில் விரித்துக்கொள்ளுங்கள். விழும் முடியில் ஒரு பத்துப் பதினைந்தை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். முழு நீளமும் இருந்து, ஒரு முனையில் குண்டூசித் தலையைவிடச் சிறிதாக வெளுத்த குமிழ் இருந்தால் அது வேரிலிருந்து உதிர்ந்த முடி. குட்டையாக, இரண்டு முனையும் மொட்டையாக இருந்தால் அது நடுவில் ஒடிந்த முடி. உங்கள் கடிதத்தைப் படித்தவரை உங்களுக்கு இரண்டுமே கிடைக்கும். இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு.

கொத்தாக உதிர்வதற்குக் காரணம் அநேகமாக டெங்கு. உடம்பு கடுமையான காய்ச்சலில் கிடக்கும்போது, வளர்ந்துகொண்டிருந்த முடிகளில் பெரும் பங்கு ஒரே நேரத்தில் ஓய்வுக்குப் போய்விடும். ஓய்வுக்குப் போன முடி அன்றே விழாது. இரண்டு மூன்று மாதம் கழித்து எல்லாம் சேர்ந்து விழும். ஆடியில் காய்ச்சல், ஐப்பசியில் உதிர்வு என்று கணக்கு சரியாக வருகிறது. பிரசவத்துக்குப் பிறகும், பெரிய அறுவை சிகிச்சைக்குப் பிறகும், பட்டினி கிடந்து எடை குறைத்த பிறகும் இதேதான் நடக்கும். பெரும்பாலும் ஆறு மாதத்துக்குள் தானாக அடங்கிவிடும். மயிர்க்கால் அப்படியே இருக்கிறது, அதிலிருந்து புது முடி வரும். தைக்குள் உதிர்வது குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. பின்னல் பழைய கனத்துக்கு வர மட்டும் பொறுமை வேண்டும். முடி மாதம் ஏறக்குறைய 1 செ.மீ.தான் வளரும், கல்யாணத்துக்குள் அது நடக்காது.

அதற்காகச் சும்மா இருக்கச் சொல்லவில்லை. இரத்தப் பரிசோதனையில் ஹீமோகுளோபின், உடம்பின் இரும்புச்சத்துச் சேமிப்பைக் காட்டும் ஃபெரிட்டின், தைராய்டுக்கான டிஎஸ்ஹெச் மூன்றும் பாருங்கள். சைவம் மட்டும் சாப்பிடுபவர் என்றால் பி12-ம் சேர்த்துப் பாருங்கள். அந்த பயோட்டின் மாத்திரையை இரத்தம் கொடுப்பதற்கு முன்னால் நிறுத்திவிடுங்கள், குறைந்தது மூன்று நாளாவது. அது தைராய்டு பரிசோதனையின் முடிவையே தப்பாகக் காட்டக்கூடியது. இதைப் பற்றி 2017-ல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரிக்கையே வெளியிட்டது. என்னைக் கேட்டால் பிறகும் தொடர வேண்டாம். உடம்பில் பயோட்டின் குறைவு இல்லாதவருக்கு அதனால் முடி வளர்ந்ததாக நான் பார்த்ததில்லை.

கண்ணாடியில் நடு வகிட்டையும் பாருங்கள். ஐந்து வருடத்துக்கு முந்தைய புகைப்படத்தில் இருந்ததைவிட வகிடு அகன்றிருக்கிறதா? இருந்தால் காய்ச்சல் உதிர்வோடு, மாதவிடாய் நிற்கும் வயதில் பல பெண்களுக்கு வரும் பரம்பரை மெலிவும் சேர்ந்திருக்கலாம். அதற்கு மினாக்சிடில் போன்ற மருந்து உண்டு. ஆனால் அரிப்பு இருக்கும் தலையில் அதைத் தொடங்கக் கூடாது. அதனால்தான் அரிப்பை முதலில் பேச வேண்டியிருக்கிறது.

கடிதத்தில் என்னைக் கவலைப்பட வைத்தது முடி கூட இல்லை, அந்த நெற்றியோர அரிப்பும் கறுப்பும்தான். நீங்கள் அதை ஒரு வரியில் சொல்லிவிட்டுப் போய்விட்டீர்கள்.

மருதாணிக்குக் கறுப்பு நிறம் கிடையாது. கல்யாணத்தில் கைக்கு வைக்கும்போது என்ன நிறம் வருகிறதோ, நரைமுடியிலும் அதே செம்பட்டைதான் வரும். ஒரே பாக்கெட்டைத் தண்ணீரில் குழைத்து அரை மணி நேரத்தில் தலை கறுத்துவிட்டால், அதைக் கறுப்பாக்கியது மருதாணி இல்லை. பாக்கெட்டின் பின்பக்கம் பொடி எழுத்தில் 'பாராபினைலீன்டையமின்' என்ற பெயர் ஆங்கிலத்தில் இருக்கும். சுருக்கமாக பிபிடி. நிரந்தரக் கறுப்பு டைகளில் பெரும்பாலும் இதுதான் வேலை செய்கிறது. ஐந்து நிமிடத்தில் கறுப்பாக்கும் என்று சாஷேயில் விற்கும் 'ஷாம்பு'களிலும் இதுவோ இதன் உறவினரோதான் இருக்கும். ஷாம்பு என்று பெயர் இருப்பதால் வாராவாரம் தேய்த்துக் குளிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.

பிபிடி எல்லோருக்கும் ஒவ்வாது என்பதில்லை; பல பேர் ஆயுள் முழுக்கப் போட்டும் ஒன்றும் ஆகாமல் இருக்கிறார்கள். ஆனால் ஒவ்வாமை ஏற்படுத்துவதில் இது பேர்போனது. தொடுதோல் அழற்சிக்கான அமெரிக்க மருத்துவர் சங்கம் 2006-க்கான 'ஆண்டின் ஒவ்வாமைப் பொருள்' என்று இதைத்தான் அறிவித்தது. ஐரோப்பிய ஒன்றியத்தில் தலையில் படும் கலவையில் இது 2 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. பத்து வருடம் ஒன்றும் செய்யாமல் இருந்துவிட்டு, பதினோராவது வருடம் உடம்பு இதை எதிரியாகப் பார்க்கத் தொடங்கலாம். தொடங்கிவிட்டால் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் கூடும். முதலில் காது மடலிலும் நெற்றி விளிம்பிலும் அரிப்பு, அப்புறம் நீர்க்கசிவு, ஒரு நாள் காலையில் கண் இரண்டும் வீங்கித் திறக்க முடியாமல் எழுந்திருப்பது. சிலருக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டம் இல்லாமல், நெற்றியும் கன்னப்பொறியும் மெல்ல மெல்லக் கறுத்துக்கொண்டே வரும். 'வெயில்' என்று நினைத்து முகத்துக்கு வெளுக்கும் க்ரீம் வாங்கிப் பூசுவார்கள். தலையில் போடுவதை நிறுத்தாமல் நெற்றியில் எதைப் பூசியும் பயனில்லை.

அதனால் அந்தப் பாக்கெட்டை இன்றே நிறுத்துங்கள். நெற்றியும் தலையும் ஆறிய பிறகு தோல் மருத்துவரிடம் பேட்ச் டெஸ்ட் செய்துகொள்ளுங்கள். தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தோல் பிரிவு இருக்கிறது, அங்கே விசாரிக்கலாம். முதுகில் சிறு ஒட்டுகளாக மருந்தை ஒட்டி, இரண்டாம் நாளும் நான்காம் நாளும் பார்ப்பார்கள். காதுக்குப் பின்னால் கொஞ்சம் தடவி 48 மணி நேரம் பார்க்கும் வீட்டுச் சோதனை, இதுவரை ஒரு தொந்தரவும் வராதவர்களுக்கு. ஏற்கனவே அரிக்கிற நீங்கள் அதைச் செய்து பார்க்க வேண்டாம்.

இப்போது நுனி ஒடிவதற்கு வருகிறேன். இதில் டைக்குப் பங்கு உண்டு. அதைவிட, டை போட்ட விதத்துக்கு.

முடியின் மேல்தோல் ஓட்டு வீட்டுக் கூரை மாதிரி. ஒன்றன்மேல் ஒன்றாகச் செதில்கள் படிந்திருக்கும். நிரந்தர டையில் உள்ள காரம் (ஆல்கலி) அந்த ஓடுகளைத் தூக்கிவிடும். நிறமில்லாத சின்ன மூலக்கூறுகள் சந்து வழியாக உள்ளே போகும். கூடவே போகும் ஹைட்ரஜன் பெராக்சைடு போன்ற பொருள் அவற்றை உள்ளேயே ஒன்றோடொன்று சேர்த்து, வெளியே வர முடியாத அளவுக்குப் பெரிய நிறமாக்கிவிடும். கழுவினாலும் போகாத ரகசியம் இதுதான். ஆனால் தூக்கிய ஓடு பழையபடி அமர்வதில்லை. முடியை வழுவழுப்பாக வைத்திருக்கும் மெல்லிய கொழுப்புப் படலமும் அரிபட்டுப் போகிறது. முடி உயிரில்லாத இழை. தோல் மாதிரி ஆறிக்கொள்ளத் தெரியாது.

உங்கள் பின்னல் 50 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். அந்த நுனி தலையிலிருந்து முளைத்து நான்கு வருடத்துக்கு மேல் ஆகிறது. 15 நாளுக்கு ஒரு முறை தலை முழுவதும் என்றால் அந்த நுனிக்கு ஏறக்குறைய 100 முறை டை போட்டிருக்கிறீர்கள். திருபுவனம் பட்டை 100 முறை வெளுக்கப் போட்டால் சரிகை நிற்குமா? இத்தனைக்கும் அந்த 15 நாளில் புதிதாக வெளியே வந்த வெள்ளை வெறும் அரை சென்டிமீட்டர்தான். சாயம் தேவைப்பட்டது அந்த அரை சென்டிமீட்டருக்கு மட்டும். மீதி 49 சொச்சமும் ஏற்கனவே கறுப்பு.

மாமியாரின் கட்சிக்கும் ஒரு பதில் சொல்லிவிடுகிறேன். சாயம் மயிர்க்கால் வரைக்கும் இறங்குவதில்லை. வேர் தோலுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்தில் இருக்கிறது. அதனால் டை போட்டதாலேயே வேர் செத்துவிட்டது என்பது சரியில்லை. ஆனால் ஒவ்வாமையால் தலைத்தோல் புண்ணாகும்போது முடி உதிரத்தான் செய்யும். அந்த அளவில் அவர் சொல்வதில் உண்மை இருக்கிறது. அவரிடம் இதைப் படித்துக் காட்டினால் எனக்குக் கொஞ்சம் நல்ல பெயர் கிடைக்கும்.

பார்லர்காரர்கள் சொல்வதில் எனக்கு அவ்வளவு உடன்பாடில்லை. அமோனியா இல்லை என்றால் மூக்கில் ஏறும் நெடி இல்லை என்று அர்த்தம், காரமே இல்லை என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் அந்த இடத்தில் எத்தனாலமீன் என்ற வேறொரு காரம் உட்கார்ந்திருக்கும். அமோனியா காற்றில் பறந்துவிடும். இது பறக்காமல் முடியிலேயே தங்கும். ஓடுகளைத் தூக்கும் வேலையை இதுவும் செய்யும். பிபிடியும் அதில் இருக்கலாம். கெரட்டின் சிகிச்சை இப்போது கூடவே கூடாது. சாயத்தால் தளர்ந்த முடியில் மருந்து பூசிச் சூடான இரும்பால் இழுப்பது, கிழிந்த துணியை இஸ்திரி போடுவது மாதிரி. தவிர, இந்தச் சிகிச்சைகள் பலவற்றில் சூட்டில் ஃபார்மால்டிஹைடு என்ற நச்சு ஆவி வரும்.

சரி, தையில் என்ன செய்வது?

பேட்ச் டெஸ்டில் பிபிடி ஒவ்வாமை இருப்பது உறுதியானால் நிரந்தரக் கறுப்பு டைக்கு அத்தோடு கும்பிடு. 'பிபிடி இல்லாதது' என்று போட்ட டப்பாவையும் நம்ப வேண்டாம். அதில் டொலுயீன்டையமின் என்ற அதன் தங்கை இருக்கலாம், அக்காவை ஒத்துக்கொள்ளாத தோல் பல சமயம் தங்கையையும் ஒத்துக்கொள்ளாது. உங்களுக்கு நல்ல வழி அசல் மருதாணியும் அவுரியும். இரண்டும் தனித்தனிப் பாக்கெட்டாக, உட்பொருள் என்ற இடத்தில் அந்தந்த இலையின் பெயர் மட்டும் இருப்பதாக வாங்குங்கள். அவுரி நமக்குப் புதிதில்லை. திண்டிவனம் பக்கம் நீலச் சாயத்துக்காக இன்றும் பயிரிடுகிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமை பாதி நாள் ஒதுக்க வேண்டிய வேலை இது. முதல் நாள் இரவே மருதாணிப் பொடியைத் தேயிலை டிகாஷனில் குழைத்து வைத்துவிடுங்கள். காலையில் எண்ணெய் இல்லாத தலையில் தடவி இரண்டு மணி நேரம் விட்டு, ஷாம்பு போடாமல் வெறும் தண்ணீரில் அலசுங்கள். இந்தக் கட்டத்தில் தலை ஆரஞ்சாக இருக்கும், பயந்துவிட வேண்டாம். பிறகு அவுரிப் பொடியை வெதுவெதுப்பான நீரில், ஒரு சிட்டிகை உப்புப் போட்டுக் குழைத்து, கால் மணி நேரத்தில் பூசத் தொடங்கிவிடுங்கள். மருதாணி மாதிரி ஊறப் போட்டால் அதன் வீரியம் போய்விடும். ஒரு மணி, ஒன்றேகால் மணி நேரம் கழித்து அலசுங்கள். அன்று கொஞ்சம் பச்சை அல்லது நீலம் தட்டலாம். ஓரிரு நாளில் காற்றுப் பட்டு அடர் பழுப்பாகவோ கறுப்பாகவோ நிற்கும். அதுவரை ஷாம்பு வேண்டாம். கல்யாணத்துக்கு முந்தின நாள் முதன்முதலாகச் செய்து பார்க்கிற விஷயம் இல்லை இது. இப்போதே உதிர்ந்த முடியில் கொஞ்சம் எடுத்து நூலால் கட்டிச் சோதித்துவிட்டு, கார்த்திகையில் ஒரு முறை, கல்யாணத்துக்கு ஒரு வாரம் முன்பு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். இலைதானே என்று முழங்கை மடிப்பில் தடவிப் பார்ப்பதை விட்டுவிடாதீர்கள். மருதாணி முடியைச் சற்று வறள வைக்கும். அலசிக் காய்ந்ததும் நாலு சொட்டு எண்ணெயை உள்ளங்கையில் தேய்த்து நீளத்தில் தடவினால் போதும். அவுரி ஏறிய முடியில் பின்னால் யாராவது ப்ளீச் போட்டால் பச்சையாகத் திரும்பலாம், பார்லரில் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வாமை இல்லை என்று சோதனையில் வந்தால் உங்களுக்கு வழி இன்னும் சுலபம். பொடியை விட்டுவிட்டு க்ரீம் கலருக்கு மாறுங்கள். ஜெட் பிளாக் வேண்டாம், அடர் பழுப்பு எடுங்கள். நிறம் கறுக்கக் கறுக்க அதில் பிபிடியும் கூடும் என்பது ஒரு காரணம். வெளியே வரும் வெள்ளை வேர், கரிக்கறுப்புக்குப் பக்கத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும், பழுப்புக்குப் பக்கத்தில் அவ்வளவு தெரியாது என்பது இன்னொன்று. அதனாலேயே 15 நாளை 6 வாரமாகத் தள்ள முடியும். 47 வயது முகத்துக்குக் கரிக்கறுப்பு பொருந்துவதுமில்லை என்பது என் சொந்த அபிப்பிராயம். நானே ஆறேழு வருடம் அப்படித்தான் திரிந்தேன், இப்போது பழைய படங்களைப் பார்த்தால் விக் வைத்த மாதிரி இருக்கிறது.

க்ரீமோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பர் 6 சதவீதம் போதும், பார்லரில் அதை 20 வால்யூம் என்பார்கள். நரையை மறைக்க 9, 12 எல்லாம் தேவையில்லை. முந்தின இரவு, வேரை விட்டுவிட்டு நீளத்துக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் தடவுங்கள். தேங்காய் எண்ணெய் முடிக்குள் இறங்கிப் புரத இழப்பைக் குறைக்கிறது, சூரியகாந்தி எண்ணெயும் கனிம எண்ணெயும் அப்படிச் செய்வதில்லை என்று 2003-ல் ஓர் ஆய்வு வந்தது. தேங்காய் எண்ணெய் விற்கும் நிறுவனத்தின் ஆட்களே செய்த ஆய்வுதான், இருந்தாலும் அதன் வேதியியல் சரியாகத்தான் இருக்கிறது. டை போடும் அன்று காலை தலைக்குக் குளிக்காதீர்கள். தோலின் இயற்கை எண்ணெய் ஒரு கவசம். நெற்றியோரம் வாசலின் பூசிக்கொண்டு, வகிடு வகிடாகப் பிரித்து, வெள்ளை தெரியும் வேருக்கு மட்டும் பிரஷ்ஷால் வையுங்கள். கடிகாரத்தைப் பார்த்து, டப்பாவில் போட்ட நேரத்தில் அலசிவிடுங்கள். 'இன்னும் கொஞ்சம் ஏறட்டும்' என்று சமையலுக்குப் போய்விடுவது நம் வீடுகளில் வழக்கம், அதுதான் கெடுதல். மீந்த கலவையைக் கடைசியில் நுனி வரைக்கும் இழுத்துவிடுவதும் வேண்டாம், வீணானாலும் பரவாயில்லை.

இடையில் வெள்ளை எட்டிப் பார்த்தால், வேரில் தொட்டு வைக்கும் கறுப்புப் பவுடரோ குச்சியோ கிடைக்கிறது. மேலே படிந்து அடுத்த குளியலில் போய்விடும். வகிட்டை ஒரு விரற்கடை தள்ளி எடுத்தாலே பாதி நரை மறையும். மேடையில் பின்தலைக்கு மல்லிகைச் சரம் இருக்கவே இருக்கிறது.

ஒடிந்த நுனியை ஒட்டவைக்கும் பசை எந்தக் கடையிலும் கிடையாது. இரண்டு அங்குலம் வெட்டிவிடுங்கள். மனசு கேட்காது, தெரியும். ஆனால் துடைப்பமாக நிற்கும் 50 செ.மீ.யைவிடச் சீராக நிற்கும் 45 செ.மீ. பின்னல் கனமாகத் தெரியும். குளித்ததும் துண்டை முறுக்கிக் கொண்டை போடாதீர்கள், ஈரத்தோடு நெருக்கமான சீப்பை வைக்காதீர்கள். ஆழ்துளைக் கிணற்று உப்புத் தண்ணீரில் முடி சொரசொரப்பாகும்; கடைசி ஒரு சொம்பு மட்டும் நல்ல தண்ணீராக ஊற்றிக்கொண்டால் சீப்பு இழுக்காது.

நீங்கள் கேட்கவில்லை, ஆனால் எல்லோரும் கேட்பது: டையால் புற்றுநோய் வருமா? உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகமை, நாள் முழுக்க இந்த இரசாயனங்களோடு புழங்கும் முடிதிருத்தும் தொழிலை 'புற்றுநோய்க்கு வாய்ப்புள்ள' பட்டியலில் வைத்திருக்கிறது. தனக்குத்தானே டை போட்டுக்கொள்பவர்கள் விஷயத்தில் முடிவு சொல்லும் அளவுக்குச் சான்று இல்லை என்று ஒதுக்கி வைத்திருக்கிறது. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்.

கல்யாண வீட்டில் குழந்தைகள் வருவார்கள். வீட்டில் பாதி பிரித்த டைப் பொடி இருந்தால் பூட்டி வையுங்கள். வாயில் போனால் கழுத்தும் தொண்டையும் வீங்கி மூச்சை அடைக்கும், சிறுநீரகத்தையும் பாதிக்கும். இதுவரை நீங்கள் போட்ட பாக்கெட்டின் அட்டையை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். பேட்ச் டெஸ்டுக்குப் போகும்போது கையோடு எடுத்துப் போங்கள். உங்கள் நெற்றியைப் பார்ப்பதற்கு முன் அந்த டாக்டர் அதன் பின்பக்கத்தைத்தான் படிக்க வேண்டும்.